வியாபார இணையத்தளம்: கொழும்பு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் புடவைக்கடை, புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர், பம்பலப்பிட்டியில் பல் வைத்தியர். தொழில் வேறானாலும் இணையத்தளம் பற்றி எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். டிசைனரோடு கதைக்கப் போகுமுன் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

## பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் இருக்கின்றன. இணையத்தளம் இல்லாமல் ஓடாதா?

ஓடும். தெரிந்த வாடிக்கையாளர்களை வைத்தே நடக்கும் வியாபாரத்துக்கு வட்ஸ்அப் போதும். புதியவர் ஒருவர் வரவேண்டும் என்றால்தான் தளம் தேவைப்படுகிறது. புதியவருக்கு உங்கள் கடையின் பெயர் தெரியாது. "வெள்ளவத்தை சாரி பிளவுஸ் தையல்", "கொழும்பு 13 முட்டையில்லாத கேக்" என்று தன் தேவையைத்தான் கூகுளில் எழுதுவார். அந்தச் சொற்களுக்கு நேராக நிற்கும் பக்கம் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பேஸ்புக் பதிவு அடுத்த பதிவு வந்ததும் கீழே போய்விடும். போன மாதம் போட்ட விலையைத் தேடி யாரும் உருட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கணக்கு முடங்கினால் அதிலிருந்த படங்களும் தொடர்புகளும் சேர்ந்து போகும். தளமும் டொமைன் எனப்படும் அதன் முகவரிப் பெயரும் உங்கள் பெயரில் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

## முதல் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

உங்கள் போனில் தளத்தைத் திறந்து, விரலால் உருட்டாமல், திரையில் தெரிவதை மட்டும் பாருங்கள். அந்த ஒரு திரையில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இங்கே என்ன கிடைக்கும், கடை எங்கே, எப்படித் தொடர்புகொள்வது. "தரமே எங்கள் தாரக மந்திரம்", "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரிகள் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்வதில்லை. "கல்யாணப் பிளவுஸ் 5 நாளில் தைத்துத் தருகிறோம். காலி வீதி, வெள்ளவத்தை. திங்கள் முதல் சனி வரை காலை 9.30 - மாலை 7" என்பது சொல்கிறது. அதன் கீழே அழைக்க ஒரு பொத்தான், வட்ஸ்அப்புக்கு ஒரு பொத்தான்.

முதல் திரையில் தானாக நகரும் படவரிசையை வைக்க வேண்டாம். பெரும்பாலானோர் முதல் படத்தோடு கீழே போய்விடுவார்கள். இரண்டாம், மூன்றாம் படங்களில் எழுதிய சலுகையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாப் படமும் இறங்கும், தளம் மெதுவாகும். தானாகப் பாடும் இசையும் வேண்டாம். பஸ்ஸில் போகிறவர் பதறிப்போய்த் தளத்தை மூடிவிடுவார்.

கீழே இறங்க இறங்க வரவேண்டியவை: அதிகம் விற்கும் நான்கைந்து பொருள் அல்லது சேவை விலையோடு, கடையின் உண்மையான படம், வாடிக்கையாளர் சொன்ன இரண்டு மூன்று வரிகள், பிறகு முகவரி. முகவரி எழுதும்போது இலக்கத்தோடு நிறுத்தாதீர்கள். கொழும்பில் 45/2 என்ற இலக்கம் வீதியில் இருக்கலாம், அதே இலக்கத்தின் பின்பக்க ஒழுங்கையிலும் இருக்கலாம். எந்தக் கோயில், எந்த வங்கி, எந்தச் சந்தி அருகே, எத்தனையாம் மாடி, லிப்ட் உண்டா, வாகனம் எங்கே நிறுத்தலாம், 100, 101 இலக்க பஸ்ஸில் வந்தால் எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று எழுதுங்கள். முதலாம் குறுக்குத் தெருவில் மேல்மாடிக் கடை வைத்திருப்பவர் படிக்கட்டு வாசலின் படத்தையும் போட்டால், "எங்கே நிற்கிறீர்கள்" என்ற அழைப்புகள் குறையும்.

## விலையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே?

அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் தவிப்பவர் வாடிக்கையாளர்தான். விலை இல்லாத பக்கத்தைப் பார்ப்பவர், தன்னால் வாங்க முடியாத இடம் என்று நினைத்து விலகுவார். அல்லது "விலை என்ன" என்று மட்டும் கேட்டுவிட்டு மறைவார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே உங்கள் நாள் போகும்.

ஒரே விலை சொல்ல முடியாத தொழில்களில் தொடக்க விலையையும் அது எதனால் கூடும் என்பதையும் சொல்லுங்கள். கேக் என்றால் 1 கிலோ விலை, பொன்டன்ட் அலங்காரத்துக்கு எவ்வளவு கூடும், தெஹிவளைக்கு டெலிவரி எவ்வளவு. செட்டியார் தெரு நகைக்கடையில் தங்கத்தின் விலை நாளுக்கு நாள் மாறும். அங்கே செய்கூலியும் சேதாரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று விளக்கினாலே நம்பிக்கை வரும். வற் வரிக்குப் பதிந்த வியாபாரம் என்றால் காட்டும் விலையில் வரி அடங்குமா இல்லையா என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 2024 ஜனவரி முதல் வரி 18 வீதம். காசு செலுத்தும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று 18 வீதம் ஏறினால் வாங்க வந்தவர் தெரிந்தெடுத்த பொருட்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். விலைக்குக் கீழே "கடைசியாகத் திருத்திய திகதி" என்று ஒன்று இருக்கட்டும்.

விலைப்பட்டியலை பிடிஎப் கோப்பாக மட்டும் போடுவது பெரிய குறை. போனில் அதைத் தரவிறக்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பக்கத்திலேயே எழுத்தாக எழுதுங்கள்.

## தமிழிலா, ஆங்கிலத்திலா, சிங்களத்திலா?

உங்கள் கடைக்கு வருகிறவர் கல்லாப்பெட்டி முன் எந்த மொழியில் கதைக்கிறாரோ அந்த மொழியில். கொழும்பில் அது பெரும்பாலும் மூன்றும்தான். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி மூன்றையும் அரைகுறையாக விடுவதைவிட, ஒரு மொழியை முழுமையாகச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி உள்ள தனிப் பக்கம் வேண்டும். பொத்தானை அழுத்தினால் அந்த இடத்திலேயே மாற்றிக்காட்டும் தானியங்கி மொழிபெயர்ப்புக் கருவி கூகுள் தேடலில் உதவாது. அந்த மொழிபெயர்ப்புக்குத் தனிப் பக்கம் இல்லாததால் தேடலில் சேர்வதில்லை. தவிர, அது "குறுக்குத் தெரு"வைக்கூட என்னவோ ஆக்கிவிடும். பக்கங்களின் உள்ளே இது தமிழ், இது சிங்களம், இது ஆங்கிலம் என்று மொழிக் குறிகளைப் போட்டு மூன்றையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். டிசைனருக்கு இது ஒரு மணி நேர வேலை.

மொழி மாற்றும் பொத்தானில் கொடியை வைக்காதீர்கள். கொடி நாட்டுக்கு உரியது, மொழிக்கு உரியதல்ல. தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பது என்ற சங்கடமும் வேண்டாம். ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்கட்டும்.

பக்கத்தின் உள்ளே தமிழ் எவ்வளவு இருந்தாலும் நல்லது. பக்கத்தின் முகவரியில் மட்டும் ஆங்கில எழுத்துகளைப் பாவியுங்கள். தமிழ் எழுத்து முகவரியை நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டும்போது, ஒவ்வொரு எழுத்துக் குறியும் வீதக் குறிகளும் எண்களும் கலந்த 9 எழுத்துகளாக விரியும். சிறிய தலைப்பும் ஐந்து வரி குப்பை போலத் தெரியும். பார்த்தவர் ஏமாற்று இணைப்போ என்று பயந்து தொடமாட்டார்.

## எங்கள் தமிழ் எழுத்து தளத்தில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது. ஏன்?

அது பாமினியில் தட்டெழுதப்பட்டது. இலங்கையில் அச்சகங்களும் விளம்பரப் பலகை செய்பவர்களும் நீண்ட காலமாகப் பாவித்த எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. "தமிழ்" என்று தட்டினால் கணினியில் சேமிக்கப்படுவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி நிறுவிய கணினியில் அது தமிழாகத் தெரியும். வாடிக்கையாளரின் போனில் பாமினி இல்லை. கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது.

தீர்வு யூனிகோட்: எல்லாப் போனும் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறை. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒரு தமிழ் தெரிந்தவர் வரிவரியாக வாசிக்க வேண்டும். வழக்கமாக வரும் பிழை ஔகார வரிசையில்: பழைய முறையில் ஒற்றைக் கொம்பு, எழுத்து, பிறகு "ள" என்று தட்டியிருப்பார்கள். மாற்றியில் போட்டால் "கௌரி" என்பது "கெளரி" ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். கடையின் பெயரிலேயே இந்தப் பிழை இருந்தால் தேடுகிறவருக்கு அகப்படாமல் போகலாம். காலும் "ர"வும் மாறிக் கிடப்பதும் அடிக்கடி நடக்கும்.

அச்சுக்குச் செய்த பதாகையைப் படமாகவே தளத்தில் ஏற்றுவதும் இதே வகைத் தவறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நகலெடுக்க முடியாது, போனில் சிறுத்துவிடும், பார்வை குறைந்தவரின் திரைவாசிப்பானும் அதை வாசிக்காது.

எழுத்துரு தெரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ட்ரொய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே தனியாக ஏற்றுவது கட்டாயமில்லை. அழகுக்காக ஏற்றினால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்கள் உள்ளன. இரண்டு தடிமனுக்கு மேல் எடுக்காதீர்கள், கோப்பு பெரிதாகும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி உயரம் 1.6 முதல் 1.8 மடங்கு இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.3 அல்லது 1.4இல் மேல்வரியின் உகரக் கீழ்க்கோடுகளும் கீழ்வரியின் விசிறிகளும் முட்டிக்கொள்ளும். எழுத்திடைவெளியைக் கூட்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் பதினைந்து எழுத்தாகும் என்பதால் பொத்தான்களின் அகலத்தை நிலையாகக் கட்டிவைக்கவும் கூடாது.

## எத்தனை பக்கங்கள் வேண்டும்?

சிறு வியாபாரத்துக்கு ஐந்து முதல் எட்டு போதும்: முகப்பு, ஒவ்வொரு முக்கிய சேவைக்கும் ஒரு பக்கம், எங்களைப் பற்றி, தொடர்பு, விற்பனை நிபந்தனைகள். "விரைவில் வரும்" என்று ஒரு பக்கமும் இருக்கக் கூடாது. எழுதத் தயாராகும்வரை அந்தப் பக்கமே வேண்டாம்.

## தளம் திறக்க நேரம் எடுக்கிறது. எங்கே பிழை?

பெரும்பாலான தளங்களில் முதலில் பார்க்க வேண்டியது படங்களைத்தான். இன்றைய போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம், 3 முதல் 5 எம்பி. அப்படிப் பத்துப் படங்களை ஏற்றினால் ஒரு பக்கமே 40 எம்பி. அதைத் திறக்கிறவர் தன் டேட்டாவைச் செலவழித்துத்தான் திறக்கிறார். படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் ஏறத்தாழ 200 கேபியில் நிற்கும், போன் திரையில் வித்தியாசமே தெரியாது. பொருள் வரிசையில் வரும் சிறு படங்களுக்கு 600 பிக்சல் போதும். கீழே உள்ள படங்கள் உருட்டும்போது இறங்கினால் போதுமானது. முதல் திரையின் பெரிய படத்துக்கு மட்டும் அந்தத் தாமத ஏற்பாட்டைப் போடக் கூடாது. போட்டால் முக்கியமான படமே கடைசியில் வரும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

கூகுள் மூன்று அளவைகளை வைத்திருக்கிறது. திரையின் மிகப் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிசெக்கனுக்குள் தளம் அசைய வேண்டும். திறக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்கு மேல் போகக் கூடாது. இந்தக் குதித்தலை எல்லோரும் அனுபவித்திருப்போம்: அழைக்கும் பொத்தானைத் தொடப்போகும் கணத்தில் மேலே ஒரு படம் வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும், விரல் வேறெங்கோ படும். படத்துக்கு அகலமும் உயரமும் முன்கூட்டியே எழுதப்படாததுதான் காரணம். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் மூன்றையும் சொல்லும். மொபைல் பக்கத்து முடிவைப் பாருங்கள். கணினிப் பக்கத்து முடிவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

படங்களைச் சரிசெய்த பிறகும் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் செர்வர் கணினியின் சேவையைப் பாருங்கள். கொழும்பு வாடிக்கையாளருக்கு அமெரிக்காவில் உள்ள செர்வர் தூரம். சிங்கப்பூர் அல்லது இந்தியச் செர்வர் அருகில். முதல் பதில் வர 0.8 செக்கனுக்கு மேல் எடுத்தால் அங்கே கோளாறு. அதற்கடுத்து, நிறுவிவிட்டு மறந்துபோன செருகுநிரல்கள் என்ற கூடுதல் வசதிகள்: பனி விழும் அலங்காரம், மூன்று விதமான உரையாடல் பெட்டி. தேவையில்லாததைக் கழற்றுங்கள்.

## படம் எடுக்கப் புகைப்படக்காரரை வைக்க வேண்டுமா?

கல்யாண ஹோல், நகை, உணவு விற்பவர் வைப்பது நல்லது. மற்றவர்களுக்குக் காலை 9 மணிக்குக் கடை வாசலருகே, வெயில் நேரே படாத வெளிச்சத்தில், வெள்ளைத் துணியை விரித்துப் போனில் எடுத்தாலே போதும். எல்லாப் பொருளையும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் எடுங்கள். கூகுளில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடாதீர்கள். அதற்கு உரிமையாளர் இருப்பார். வெளிநாட்டு அலுவலகத்தில் கைகுலுக்கும் வெள்ளைக்காரரின் படம் கொட்டாஞ்சேனைக் கடைக்கு எந்த நம்பிக்கையையும் தராது.

## டொமைனை யார் பெயரில் எடுப்பது? டொட் கொம்மா, டொட் எல்கேயா?

முதல் கேள்வி இரண்டாவதைவிடப் பல மடங்கு முக்கியமானது. டொமைன் உங்கள் பெயரில் அல்லது உங்கள் கம்பனியின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையிலுள்ள கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். டிசைனர் தன் கணக்கில் எடுத்துத் தருவது வழக்கம். அவர் வெளிநாடு போனாலோ கணக்குவழக்கில் மனஸ்தாபம் வந்தாலோ பல வருடம் வளர்த்த பெயர் உங்கள் கையில் இராது. மின்னஞ்சலும் அதோடு நின்றுவிடும். ஹோஸ்டிங் கணக்கையும் அப்படியே வைத்திருங்கள். டிசைனருக்குத் தனியாக ஓர் உள்நுழைவு கொடுத்தால் போதும்.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு டொட் எல்கே நம்பிக்கை தரும். வெளிநாட்டுக்கும் விற்பவர் டொட் கொம்மையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிடலாம். டொட் இலங்கை என்று முழுத் தமிழ் முகவரியும் 2010 முதல் உண்டு; விளம்பரப் பலகையில் அழகாக இருக்கும், மின்னஞ்சலுக்கு இன்னும் எல்லா இடத்திலும் ஒத்துவராது.

பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிர்ப்பக்கத்தவர் பிழையின்றி எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும்: "லக்ஷ்மி"யை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். எளிதாகப் பிழைக்கும் வடிவத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

புதுப்பிக்கும் திகதியை இரண்டு பேரின் நாட்காட்டியில் எழுதுங்கள். டொட் கொம் தவறினால் பதிவாளர் 45 நாள் வரை சலுகை தரலாம். அதன் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் ஐந்தே நாளில் யாரும் எடுக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

## படிவத்தை நிரப்பினோம் என்கிறார்கள், எங்களுக்கு மின்னஞ்சல் வரவில்லை

விற்பனை சத்தமில்லாமல் தொலையும் இடம் இது. வாடிக்கையாளருக்கு "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்று காட்டியிருக்கும். ஆனால் யாருக்கும் கிடைத்திருக்காது.

பெரும்பாலான வேளைகளில் காரணம் இதுதான்: படிவம் அனுப்பும் மின்னஞ்சலில் அனுப்புநராக வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரி இடப்பட்டிருக்கும். உங்கள் செர்வர் ஜிமெயிலின் பெயரில் கடிதம் அனுப்பினால், பெறுகிற பக்கம் அதை ஆள்மாறாட்டம் என்று கருதித் தடுக்கும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாகவே இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் முகவரி "பதில் அனுப்ப" என்ற இடத்தில் வரவேண்டும். அடுத்து, கடிதம் உண்மையில் உங்கள் டொமைனுடையதுதான் என்று உறுதிசெய்ய உதவும் எஸ்பிஎப், டிக்கிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் டொமைனின் அமைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத டொமைனின் கடிதங்கள் எளிதாகக் குப்பைப் பெட்டிக்குப் போகும். செர்வரின் சாதாரண அனுப்பும் வழியை விட்டு, கடவுச்சொல்லோடு கூடிய எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் முறை வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வரும் ஒவ்வொரு செய்தியும் தளத்தின் உள்ளேயும் ஒரு பிரதியாகச் சேமிக்கப்பட வேண்டும். மின்னஞ்சல் தவறினாலும் அது கைகொடுக்கும். மாதம் ஒருமுறை நீங்களே நிரப்பிப் பாருங்கள், உங்கள் கடைப் போனிலிருந்து அல்லாமல் வேறொருவர் போனிலிருந்து.

படிவத்தில் கேட்பது பெயர், தொலைபேசி இலக்கம், என்ன வேண்டும் என்ற மூன்றோடு நிற்கட்டும். எழுத்துப் பெட்டிகளின் எழுத்தளவும் 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் தொட்டதும் திரை தானாகப் பெரிதாகி, படிவத்தின் பாதி ஓரத்துக்கு அப்பால் போய்விடும். தொலைபேசிப் பெட்டியில் 077 என்று தொடங்கினாலும் +94 என்று தொடங்கினாலும் இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்க வேண்டும். "சரியான இலக்கத்தை இடவும்" என்று சிவப்பில் திருப்பி அடித்தால் வந்தவர் போய்விடுவார்.

## வட்ஸ்அப் பொத்தான் வேலை செய்யவில்லை

இலக்கம் எழுதிய முறை பிழை. அந்த இணைப்பில் நாட்டுக் குறியீட்டோடு எண்கள் மட்டும் வரவேண்டும்: கூட்டல் குறியும் இடைவெளியும் முன்னாலிருக்கும் 0ம் வரக் கூடாது. 077 இலக்கம் 9477 என்று தொடங்கும், மொத்தம் 11 எண்கள். "இந்த கேக் பற்றிக் கேட்க விரும்புகிறேன்" என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பிவைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இலக்கம் கடைக்குச் சொந்தமாக இருக்கட்டும். வேலைசெய்யும் தம்பியின் சொந்த இலக்கத்தைப் போட்டால், அவர் விலகும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போவார்கள். வட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 011 நிலையான தொலைபேசி இலக்கத்தையும் பதியலாம். உறுதிப்படுத்தும் குறியீடு குரல் அழைப்பாக வரும்.

## கூகுளில் தேடினால் எங்கள் கடை வருவதே இல்லை

முதலில் ஒரு சிறிய விடயத்தைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் வேலை நடக்கும்போது, தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டியில் சரி அடையாளம் இடுவார்கள். தளம் திறந்த பிறகு அதை எடுக்க மறந்துவிட்டால் மாதக்கணக்கில் கூகுள் உங்களைப் பட்டியலில் சேர்க்காது.

அது சரியாக இருந்தால், கூகுள் பிசினஸ் புரோபைலில் கடையைப் பதிந்து உறுதிப்படுத்துங்கள். கட்டணம் இல்லை. "அருகில்" என்று தேடுகிறவருக்கு வரைபடத்தோடு முதலில் வருவது இதுதான். பெயர், முகவரி, தொலைபேசி மூன்றும் தளத்திலும் பேஸ்புக்கிலும் இங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வகையைத் துல்லியமாகத் தெரியுங்கள். "கடை" என்பதைவிட "தையற்காரர்" நல்லது. பெயரோடு "கொழும்பில் சிறந்த மலிவான" என்று சொற்களைச் சேர்க்காதீர்கள், அது விதிமீறல், பதிவு இடைநிறுத்தப்படலாம்.

திறக்கும் நேரத்தில் கொழும்புக் கடைகள் தவறுவது போயா தினங்களில்தான். வருடம் முழுவதுக்குமான போயா நாட்களையும் தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறைகளையும் ஜனவரியிலேயே விசேட நேரங்களாக இட்டுவிடுங்கள். வெள்ளி ஜும்மாவுக்காக மதியம் மூடும் கடை அந்த இடைவெளியையும் இட வேண்டும். மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவர் மறுபடி வருவது அருமை.

பிறகு தளம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கத்திலும் "முகப்பு" என்றிருந்தால் பயனில்லை. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 60 எழுத்துவரை தேடல் முடிவில் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் முக்கிய சொல்லை முதல் 30 எழுத்துக்குள் வையுங்கள். பழைய தளத்தை மாற்றிப் புதிது கட்டினால், பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். செய்யாவிட்டால் பல வருடம் சேர்த்த இடம் ஒரே நாளில் போகும்.

## தளத்திலேயே காசு வாங்கலாமா?

வாங்கலாம். பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் கட்டண நுழைவாயில்களோ வங்கிகளின் சேவைகளோ அதற்கு உண்டு. வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, அடையாள அட்டை கேட்பார்கள். தளத்தில் பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை, நிபந்தனைகள் ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். இந்தப் பக்கங்களை முதலிலேயே எழுதிவைக்காததால்தான் பல விண்ணப்பங்கள் இழுபடுகின்றன. காட் இலக்கத்தை உங்கள் தளத்தில் சேமிக்கவே கூடாது. வாடிக்கையாளர் நுழைவாயிலின் பக்கத்துக்குப் போய்ச் செலுத்திவிட்டுத் திரும்பி வருவதுதான் பாதுகாப்பு.

பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறையையும் வங்கி வைப்பையும் விட்டுவிடாதீர்கள். போனால் ஸ்கேன் செய்து காசு செலுத்தும் லங்காகியூஆர் குறி கடையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓர்டர் உறுதிக் குறுந்தகவலைத் தமிழில் அனுப்பினால் ஒரு தகவலுக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்தில் 160. நீண்டால் இரண்டு மூன்று தகவலாகக் கணக்கிடப்படும், செலவு அதற்கேற்பக் கூடும். சுருக்கமாக எழுதுங்கள்.

## லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் இங்குள்ள உறவுகளுக்காக வாங்குகிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும்?

வாங்குபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர் என்பதைப் படிவம் புரிந்துகொள்ள வேண்டும். இருவரின் பெயரும் இருவரின் தொலைபேசியும் தனித்தனியே. வாங்குபவரின் இலக்கம் +44 அல்லது +1 என்று தொடங்கும். இலங்கை இலக்கம் மட்டும் ஏற்கும் பெட்டியில் அவர் அங்கேயே நின்றுவிடுவார். டெலிவரி நேரம் இலங்கை நேரம் என்று தெளிவாக எழுதுங்கள். அம்மாவின் பிறந்தநாள் கேக் காலையில் போக வேண்டும் என்றால் முதல்நாள் இலங்கை நேரம் எத்தனை மணிக்குள் ஓர்டர் செய்ய வேண்டும்? அதையும் சொல்லுங்கள். கொடுத்த கணத்தில் ஒரு படம் எடுத்து வாங்கியவரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினால், தூரத்தில் இருப்பவருக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

## வாடிக்கையாளர் தகவல் பற்றிச் சட்டம் இருக்கிறதா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடைமுறையில் பழகிக்கொள்ள வேண்டியவை: தேவைக்கு மேல் கேட்காதீர்கள், எதற்காக வாங்குகிறீர்கள் என்று படிவத்தின் அருகிலேயே சொல்லுங்கள், ஓர்டருக்காகத் தந்த இலக்கத்துக்கு அனுமதியின்றி விளம்பரம் அனுப்பாதீர்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். அடையாள அட்டை இலக்கம் பெரும்பாலான கடைகளுக்குத் தேவையே இல்லை.

## கட்டி முடித்த பிறகு என்ன வேலை?

வேர்ட்பிரஸ் என்றால் வாரம் ஒருமுறை புதுப்பித்தல். காசு கொடுத்து வாங்க வேண்டிய "தீம்" என்ற தள வடிவமைப்புக் கோப்பை இலவசமாக எங்கோ தரவிறக்கிப் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அதனுள் தீநிரல் ஒளித்து வருவது வழக்கம், ஒருநாள் உங்கள் தளம் சூதாட்டத் தளத்துக்குத் திரும்பும். தளத்தின் பிரதியை ஹோஸ்டிங்குக்கு வெளியேயும் ஒன்று வையுங்கள், அதிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று வருடம் ஒருமுறையாவது பரீட்சித்துப் பாருங்கள். தளத்தின் தொடர்பைப் பாதுகாப்பாக்கும் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவையில் இலவசம். 90 நாளில் காலாவதியாகும், ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலையில் "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கைத் திரைதான் வாடிக்கையாளரை வரவேற்கும்.

## பயன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து மகிழ வேண்டாம். மாதம் எத்தனை பேர் அழைக்கும் பொத்தானைத் தொட்டார்கள், வட்ஸ்அப்பைத் தொட்டார்கள், படிவம் அனுப்பினார்கள், வழி கேட்டார்கள் என்ற நான்கையும் எண்ணுங்கள். முதல் மூன்றையும் கூகுள் அனலிட்டிக்ஸில் பதிய வைக்கலாம், நான்காவதை பிசினஸ் புரோபைலே காட்டும். கூகுள் சேர்ச் கன்சோலைத் திறந்தால் எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று வரும். அந்தப் பட்டியல் பெரிய செல்வம். "பிளவுஸ் ஒரே நாளில்" என்று பலர் தேடி, உங்கள் பக்கத்தைத் தொடாமல் போயிருந்தால், அந்தச் சேவை உங்களிடம் உண்டா, உண்டானால் அதைத் தளத்தில் எழுதினீர்களா என்று பாருங்கள்.

கல்லாப்பெட்டி அருகே ஒரு கொப்பியும் வையுங்கள். தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இரண்டு வாரம் அதில் எழுதுங்கள். ஐந்து முறைக்கு மேல் வந்த கேள்விக்குத் தளத்தில் பதில் இல்லை, அல்லது இருக்கும் பதில் கண்ணில் படவில்லை. அந்தப் பதிலை அதே வாரத்தில் முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி எத்தனை முறை வருகிறது என்று அதே கொப்பியில் எண்ணுங்கள்.